அம்பு போகாத பக்கம்

பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். பேய் வர இருட்டு வேண்டும் என்பார்கள். மொன்டெவிடியோவில் அப்போது மழை வெளிச்சம் இருந்தது. ஆராய்ச்சிக்கூடத்தின் மைக்ராஸ்கோப் அறைக்கு மட்டும் கறுப்புத் திரை. உள்ளே மிர்தா தனியாக இருந்தாள். நடந்ததை அவள் இன்றுவரை ஒரு சொல்கூட மாற்றிச் சொன்னதில்லை.

பக்கவாதம் வந்து இறந்தவர்களின் மூளைச் சீவல்களைப் பார்ப்பது அவள் வேலை. இரத்தம் நின்ற இடத்தைச் சுற்றி அழற்சி பரவும். காவல் செல்கள் பருத்துக் கூடும். அவற்றை எண்ண வேண்டும். யாருடைய மூளை என்று தெரியாது. ஸ்லைடில் எண் மட்டும்தான். ஒரே மைக்ராஸ்கோப்பில் எதிரெதிரே இருவர் பார்க்கலாம். ஒருவர் கண்டதை மற்றவருக்குக் காட்ட உள்ளே பச்சை ஒளி அம்பு ஒன்று உண்டு.

எதிர் நாற்காலி கூட வேலை பார்த்த சுல்மாவுடையது. அந்த அம்பு வருடக்கணக்காக மிர்தாவைக் குத்தியது.

“இங்க ஒண்ணு விட்டுட்ட பாரு, கண்ணு. இதோ, இன்னொண்ணு.”

அவள் காட்டியது ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கட்டுரைகளில் முதல் பெயர் சுல்மா. இயக்குநர் லுசார்டோ கேட்பதும் ஒன்றே: “சுல்மா பாத்துட்டாளா? அப்ப சரி.”

போன இலையுதிர் காலத்தில் சுல்மாவின் எண்ணிக்கை சரிந்தது. இடப்பக்கச் செல்களை அப்படியே விட்டிருந்தாள். மிர்தாவுக்குத் தித்தித்தது.

“என்னடி, கண்ணுல பூ விழுந்துருச்சா? பாதியத்தான எண்ணியிருக்க!”

“இல்லியே. எல்லாத்தையும் எண்ணினேனே” என்று சிரித்தாள் சுல்மா. அன்றும் மழை. தட்டில் பொரித்த ரொட்டி இரண்டு. வலப்பக்கம் இருந்ததைத் தின்றுவிட்டுக் கேட்டாள்: “அவ்வளவுதானா? எனக்கு இன்னொண்ணு வைக்கலியா?”

கேலி செய்கிறாள் என்று நினைத்தாள் மிர்தா. இடப்பக்கம் இருந்ததை எடுத்துத் தானே தின்றாள்.

மூன்றே வாரம். சுல்மா குளியலறையில் விழுந்தாள். எழவில்லை.

இனி முதல் பெயர் மிர்தாவுடையது. மிச்சம் ஒரே ஒரு ஸ்லைடு. அதற்கும் காலையில் லுசார்டோ பெருமூச்சு விட்டிருந்தார். “சுல்மா இருந்திருந்தா...”

செத்தவளோடும் போட்டியா? மிர்தா பல்லைக் கடித்துக்கொண்டு குனிந்தாள். கையில் எண்ணும் கருவி. ஒரு செல்லுக்கு ஒரு அழுத்து. டிக். டிக்.

பச்சை அம்பு எரிந்தது.

அவள் போடவில்லை. தலையைத் தூக்கினாள். அம்பின் மின்கம்பி செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. எதிர் நாற்காலி காலி.

மறுபடி குனிந்தாள். அம்பு மெல்ல நகர்ந்து ஒரு செல்லின்மேல் நின்றது. அவள் விட்டுவிட்ட செல்.

டிக்.

அழுத்தியது அவள் அல்ல. சத்தம் எதிர்ப்பக்கம்.

அம்பு மேலே போனது. கீழே போனது. வலது ஓரம் வரை போனது. நடுக்கோட்டைத் தொட்டதும் திரும்பியது. இடப்பக்கம் வரவே இல்லை. அங்கே செல்கள் மொய்த்துக்கிடந்தன.

மிர்தாவுக்குப் பயத்திலும் ஒரு சந்தோஷம். இப்போதும் அவள் பாதியைத்தான்...

பாதி.

மூளையின் வலப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு உலகத்தின் இடப்பக்கமே இல்லாமல் போகும். கண் தெரியும். கவனம் அந்தப் பக்கம் போகாது. முகத்தில் பாதிக்குப் பவுடர். தட்டில் பாதிச் சோறு. கேட்டால் எல்லாம் முடித்துவிட்டதாகச் சொல்வார்கள். வருடா வருடம் மிர்தா மாணவர்களுக்கு நடத்தும் பாடம் அது.

தட்டில் பாதி...

அவள் கை நின்றது.

எதிரே நிற்கவில்லை.

டிக்.

டிக்.

மணி மூன்று இருபது. கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினாள்.

வியாழக்கிழமை ஸ்லைடு எண்களுக்குரிய பெயர்களைத் திறந்தார்கள். லுசார்டோ அவளை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“அந்தக் கடைசி ஸ்லைடு யாருதுன்னு தெரியுமா? நம்ம சுல்மாவோடது. மூளையை ஆராய்ச்சிக்குன்னு எப்பவோ எழுதிக் குடுத்திருக்கா. வலப்பக்கத்துச் சீவல்.”

மிர்தா சுவரைப் பார்த்தாள்.

“அவளைக் கொன்ன அடைப்பு வேற. இந்தச் சீவல்ல இருக்கிறது அதுக்கு முன்னாடியே வந்தது. சின்னது. அப்பவே பிடிச்சிருந்தா ஆளைக் காப்பாத்தியிருக்கலாம்.” கண்ணாடியைக் கழற்றினார். “மிர்தா, தினமும் நீ அவ எதிர்லதான உக்காந்திருந்த? ஒண்ணுமே வித்தியாசமாத் தெரியலியா?”