பத்து நாள் சாப்பிடாத ஆமை

ஆமையை எங்களிடம் ஒப்படைத்த பெண் பார்க்டேலில் ஒரு மாடிக் குடியிருப்பில் இருந்தார். கைவிடப்பட்ட ஆமைகளையும் ஓணான்களையும் வாங்கி வைத்து, அவற்றுக்குப் புது வீடு தேடிக் கொடுக்கும் தன்னார்வலர்களில் ஒருவர். தருவதற்கு முன் ஆமையைத் தராசில் வைத்து, அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம் என்று படிவத்தில் எழுதினார். "புது இடத்தில் சில நாட்கள் சாப்பிடாமல் இருக்கும். பயப்படாதே. ஐந்நூற்று ஐம்பதுக்குக் கீழே போனால் மட்டும் உடனே வைத்தியரிடம் கொண்டு போ" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

பயப்படாதே என்று யாராவது சொன்னால் அந்த நிமிடத்திலிருந்து பயப்படத் தொடங்குகிறவள் நான். டோர்செட் பார்க்கில் உள்ள எங்கள் வீடு வரைக்கும் பெட்டி என் மடியில் இருந்தது. உள்ளே ஓர் அசைவும் இல்லை. மூன்று முறை மூடியைத் திறந்து பார்த்தேன். நான்காவது முறை திறக்கப் போனபோது, கார் ஓட்டிக்கொண்டிருந்த கணவர், "இஞ்சருமப்பா, குளிர் உள்ளுக்குப் போகப் போகுது. மூடும்" என்றார். பெப்ரவரி மாதம். அதற்குப் பிறகு, ஏற்கெனவே திறந்த மூன்று முறையை நினைத்துக் கவலைப்பட்டேன்.

மகளுக்கு ஐந்து வயது. மயிருள்ள எந்தப் பிராணிக்குப் பக்கத்தில் போனாலும் அவளுக்கு மூச்சு இழுப்பு வந்துவிடும். நாய் கேட்டாள், பூனை கேட்டாள், முயல் கேட்டாள். கடைசியில் ஆமையில் வந்து நின்றோம். தரையில் வாழும் சின்ன ஆமை, விரித்த என் கையை விடக் கொஞ்சம் பெரிது. முப்பது வயது இருக்கலாம் என்றார்கள். ஏறக்குறைய என் வயது. இதற்கு முன் இரண்டு வீடுகள் பார்த்து வந்திருக்கிறது. "நீ பெரிய ஆளாகி யூனிவர்சிட்டி போகேக்கையும் இது இருக்கும்" என்று மகளுக்கு நானே சொல்லியிருந்தேன். யார் என்னை அப்படிச் சொல்லச் சொன்னார்கள்?

வரவேற்பறை மூலையில் பெரிய மரத்தொட்டி. அதற்குள் மண்ணும் தேங்காய்த் தும்பும். ஒரு பக்கம் வெப்ப விளக்கு, மறுபக்கம் ஒளிந்துகொள்ள ஒரு மரக்கூடு. சாப்பாடு வைக்க ஒரு தட்டைக் கல். ஆமை போய்க் கூட்டுக்குள் புகுந்து, சுவரைப் பார்த்தபடி இருந்துவிட்டது.

மகள் பிறந்த புதிதில் அவள் பால் குடித்த நேரம், தூங்கிய நேரம் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்தவள் நான். ஆமைக்கும் ஒரு கொப்பி போட்டேன். விளக்கின் கீழ் எவ்வளவு வெப்பம், நிழலில் எவ்வளவு, இளஞ்சூட்டுத் தண்ணீரில் எத்தனை நிமிடம் இருத்தினேன், எடை என்ன. கீழே ஒரு வரி: "காலை ஏழு மணி. டான்டிலயன் கீரை, என்டைவ் கீரை. கழுவி நறுக்கி வைத்தேன். தொடவில்லை." அடுத்த நாளும் அதே வரி. அதற்கடுத்த நாளும்.

நான் வேலை முடிந்து வரும்வரை மகளைப் பார்த்துக்கொள்பவர் எதிர்க்கதவு அன்ரி. மூன்றாம் நாள் மகளைக் கொண்டுவந்து விட்டபோதுதான் தொட்டியைக் கண்டார். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை உது? ஆமையோ?"

"ஓம் அன்ரி. எடுத்து வளர்க்கிறம்."

"வீட்டுக்குள்ளயோ?"

"பால்கனியில விட்டா விறைச்சுச் செத்துப் போயிடும் அன்ரி."

"உனக்கு அதைக் குடுத்தவை நல்ல கெட்டிக்காரர்" என்றார். பிறகு, "நான் ஒண்டும் சொல்லேல்லை. படிச்ச பிள்ளையள் நீங்கள்" என்று உள்ளே வந்திருந்த காலையும் எடுத்துக்கொண்டார்.

அவர் சொல்லாமல் விட்டது எனக்குத் தெரியும். ஆமை வீட்டுக்குள் வந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று நம்புகிறவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள்தானே. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் ஐந்தாம் நாள் தராசு ஐந்நூற்றுத் தொண்ணூறு காட்டியபோது, நம்பிக்கை இல்லாத அந்த விஷயம்தான் முதலில் ஞாபகம் வந்தது.

உண்மையான பயம் வேறு. மகள் ஒவ்வொரு காலையும் எழும்பி முதலில் தொட்டிக்குத்தான் ஓடுவாள். அவளுக்கு முன் நான் போய்ப் பார்த்துவிட வேண்டும். ஏழாம் நாள் முந்திவிட்டாள்.

"அம்மா, ஈஸ் ஹீ டெட்?"

"இல்லைச் செல்லம். நித்திரை கொள்ளுறார்."

சொல்லிவிட்டேன். எனக்கே தெரியாது. அவளைப் பல்லுத் தீட்ட அனுப்பிவிட்டு, ஒற்றை விரலால் அதன் பின்னங்காலைத் தொட்டேன். ஒன்றும் இல்லை. திரும்பவும் தொட்டேன். மிக மெதுவாக, விருப்பமில்லாமல், கால் உள்ளே போனது.

கணவர் வந்து பார்த்தார். "ஒரு கொத்துரொட்டி வாங்கிக் குடுத்துப் பாப்பமோ?"

"உங்களுக்கு எல்லாம் பகிடி."

"பின்ன என்னப்பா? நீரும் சாப்பிடுறீர் இல்லை, அதுவும் சாப்பிடுது இல்லை. வீட்டில நானும் பிள்ளையும்தான் இப்ப சாப்பிடுறம்."

எட்டாம் நாள் ஐந்நூற்று எழுபது. ஒன்பதாம் நாள் ஐந்நூற்று அறுபத்து நான்கு. பார்க்டேல் பெண்ணை அழைத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, நான் கொப்பியைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தேன். விளக்கு சரி. தண்ணீர் சரி. மூக்கில் சளி இல்லை. கீரையைக் கழுவுகிறாயா என்றார். ஓம், ஒவ்வொரு முறையும் என்றேன். "நாளைக் காலை நீ சாப்பாடு வைப்பதை, முதலிலிருந்து கடைசி வரை, படம் பிடித்து அனுப்பு" என்றார்.

பத்தாம் நாள் காலை கணவர் ஃபோனைப் பிடித்தார். நான் குளிர்பெட்டியைத் திறப்பதிலிருந்து, கல்லில் கீரையை வைப்பது வரை எல்லாம் எடுத்தார். இடையில் ஊற வைத்த நேரத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினோம். வேலையில் தேநீர் இடைவேளையில் பதில் வந்தது. "தொடக்கத்தில், தண்ணீரில் நீ போடும் மஞ்சள் தூள் என்ன? விற்றமினா?"

முதலில் எனக்குக் கேள்வி விளங்கவில்லை. பிறகு படத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தேன்.

எங்கள் வீடுகளில் கீரையைக் கழுவுவது என்றால், ஒரு பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து, அதில் ஒரு பிடி உப்பும் ஒரு கரண்டி மஞ்சள் தூளும் போட்டு ஊற வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசி எடுப்பது. பூச்சியும் பூச்சிமருந்தும் போவதற்கு. அதை ஒரு தனி வேலையாக நான் நினைத்ததே இல்லை. அதனால் அவர் கேட்டபோது சொல்லவில்லை, கொப்பியிலும் எழுதவில்லை. கழுவி என்று எழுதினேன். எனக்கு அந்த ஒரு சொல்லுக்குள் எல்லாம் இருந்தது. அது மட்டுமா? மகளுடைய கீரையை இருபது நிமிடம் ஊற வைப்பவள், சின்ன உயிர், மருந்து தாங்காது என்று ஆமையின் கீரையை நாற்பது நிமிடம் ஊற வைத்தேன். கரண்டியையும் இரண்டாக்கியிருந்தேன்.

படிக்கட்டுக்குப் போய் அவரை அழைத்தேன். முதலில் சிரித்தார். நான் சிரிக்காததைக் கேட்டு நிறுத்தினார். "ஆமை எதையும் முகர்ந்து பார்த்துத்தான் வாய் வைக்கும். காரணம் அதுதானா என்று எனக்கும் நிச்சயமில்லை. இனி வெறும் தண்ணீரில் கழுவு" என்றார். உப்பு அதைத் தாக்கியிருக்குமா என்று கேட்டேன். அலசித்தானே வைத்தாய், அதுவும் சாப்பிடவே இல்லையே என்றார். நிச்சயமில்லை என்று அவர் சொன்னது மட்டும்தான் என்னோடு வீடுவரை வந்தது.

அன்று மாலை மகளைக் கூட்டிவந்த அன்ரிக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"மஞ்சள் போடாத கீரையோ? மருந்தடிச்ச இலையைச் சும்மா தூக்கி வைக்கப் போறியோ? விசரே பிள்ளை உனக்கு?"

"ஆமைக்கு மஞ்சள் மணம் பிடிக்காது போல அன்ரி."

"ஓ, பிடிக்காதோ! அப்ப தேங்காய்ப்பால் விட்டு வைக்கட்டுமோ எண்டு கேள்."

மகள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் மருந்தடித்த இலை என்ற சொல் அப்படியே நின்றது. மஞ்சள் போட்டால் பட்டினி கிடந்து சாகும். போடாவிட்டால் மருந்தில் சாகும். குழாயைத் திறந்துவிட்டு ஒவ்வொரு இலையாக, இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவினேன். ஏழு முறை. தொட்டியில் இருந்த கல்லைத் தூக்கிப் பார்த்தால் விளிம்பெல்லாம் மஞ்சள் ஏறிக் கிடந்தது. பத்து நாளாக அதைப் பார்த்திருக்கிறேன். கல்லின் நிறம் என்று நினைத்திருக்கிறேன். அதை எடுத்துவிட்டுப் புதுச் சாசர் ஒன்று வைத்தேன். அன்று மாலை ஆமை கூட்டை விட்டு வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ஐந்நூற்று ஐம்பத்தாறு. இன்னும் ஆறு கிராம். சனிக்கிழமை திறந்திருக்கும் ஆமை வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தை ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டினேன். விளக்கைப் போட்டேன். கீரையை நறுக்காமல் முழு இலையாக வைத்தேன். மகளும் நானும் தொட்டிக்கு முன் தரையில் இருந்தோம். பேசினால் ஆமை உள்ளே போய்விடும் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

விளக்கின் சூடு ஏற ஏற, கூட்டின் வாசலில் முதலில் ஒரு மூக்கு தெரிந்தது. பிறகு தலை. பிறகு ஒரு முன்கால், நெடுநேரம் யோசித்து மற்றக் கால். சாசர் வரை வந்தது. கழுத்தை நீட்டி இலைக்கு மேலே மூக்கை வைத்து நின்றது. இந்தப் பத்து நாளில் அது அவ்வளவு கிட்ட வந்ததில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு இலையை மிதித்தபடி சாசரைக் கடந்து போனது.

அதுதான், முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் வீட்டில் அது வாழப் போவதில்லை. மகளுக்கு எந்தச் சொற்களில் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

தொட்டியின் மூலை வரை போய், சுவரில் முட்டி, திரும்பி வந்தது. வாயைத் திறந்தது. உள்ளே நாக்கு இவ்வளவு இளஞ்சிவப்பாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இலையைக் கடிக்கப் போய் வெறும் காற்றைக் கடித்தது. மகள் கத்துவதற்காக மூச்சை இழுத்தாள். என் உள்ளங்கை அவள் வாயை மூடியது.

இரண்டாம் முறை இலையின் ஓரம் அகப்பட்டது. காகிதம் கிழிவது போல ஒரு சத்தம். சமையலறையிலிருந்து கணவர், "இஞ்சரும், தேத்தண்ணி ஆறுது" என்றார். என் கால் மரத்துப் போயிருந்தது; நீட்டினால் பயந்து உள்ளே போய்விடுமோ என்று அப்படியே இருந்தேன். என் கைக்குள் மகளின் சுடுமூச்சு வேகமாக வந்து போனது. அவளுக்கு இழுப்பு வந்துவிடுமோ என்று அடுத்த பயம் வந்தது. ஆமை விழுங்குவதை நான் பார்க்கவில்லையே, வாயிலிருந்ததைத் துப்பிவிட்டதோ என்று அதற்கடுத்த பயம். அது மூன்றாம் முறை கடித்த பிறகுதான் கையை எடுத்தேன்.