மேகலாவின் கை எட்டிய உயரம்

முனிவேல் வேலை செய்யும் இடத்தில் எங்கே பார்த்தாலும் பெட்டிகள்தான். ஜூஜுவாடியில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. ஓசூர் கம்பெனிகளில் தயாராகும் இயந்திரங்களைக் கப்பலேற்றி அனுப்புவதற்கான மரப்பெட்டிகளை அங்கே அடிக்கிறார்கள். நாகரசம்பட்டியில் மழையை நம்பிய நிலம் கைவிட்டபோது இளவயதில் கிளம்பி வந்தவர், அந்தக் கொட்டகையிலேயே தலை நரைத்துப் போனார். கட்டில், நாற்காலி என்று வீட்டுச் சாமான் எதையும் அவர் செய்ததில்லை. அவர் அடிக்கும் பெட்டியை, அது போய்ச் சேரும் ஊரில் கடப்பாரை போட்டு உடைத்துத்தான் திறப்பார்கள். உறுதியாக இருந்தால் போதும், பார்க்க அழகாக இருக்க வேண்டுமென்று யாரும் கேட்பதில்லை.

அவருக்கும் அவர் மனைவி சென்னம்மாவுக்கும் ஒரே மகள், மேகலா. நன்றாகக் குள்ளம். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு நிற்கும்போது எப்போதும் முதல் ஆளாக நின்றவள். கார் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் ஆபரேட்டராக இருந்த மாதேஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இருவரும் மத்திகிரியில், கோவிந்தப்பன் என்பவருடைய வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்குக் குடிபோனார்கள். அவர்கள் மகள் சுவாதி பிறந்ததும் அந்த வீட்டில்தான்.

அந்த வீட்டுச் சமையலறையைக் கட்டியவர்கள் மேகலாவைப் போன்ற ஒருத்தி அங்கே சமைப்பாள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. அடுப்பு மேடைக்கு மேலே சுவரில் பதித்த கடப்பா கல் பலகைகள் அவள் தலைக்கு மேலே இருந்தன. அதற்கும் மேலே சிமெண்ட் பரண். மிளகாய்த்தூள் வேண்டுமென்றாலும் அவள் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு ஏற வேண்டும். ஒரு நாள் பக்கெட் வழுக்கியது. கடுகு டப்பாவோடு கீழே விழுந்தாள். முழங்கை வீங்கிவிட்டது. அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்து, வீடெல்லாம் கடுகு உருண்டு ஓடியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். முனிவேலுக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகளுக்கு ஒரு அலமாரி செய்து தர, அவர் டேப்பும் பென்சிலுமாக மத்திகிரியில் போய் நின்றார்.

“சுவத்த ஒட்டி நில்லும்மா. கைய மேல தூக்கு.”

“இப்பிடியாப்பா?”

“குதிகால எடுக்காத. பாதம் தரையில பதிஞ்சிருக்கணும்.”

“கொஞ்சமா எக்கிக்கிறன். இன்னொரு தட்டு சேத்துக் கெடைக்குமில்ல?”

“இன்னிக்கி எக்கினா தெனமும் எக்கணும். எறக்கு காலை.”

அவள் சிரித்துக்கொண்டே காலை இறக்கினாள். விரல் நுனி தொட்ட இடத்தில் அவர் கோடு போட்டார். அதுதான் மேல் தட்டு. அதற்கு மேலே எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தார்.

வெளிநாட்டிலிருந்து இயந்திரம் வரும்போது கூடவே வரும் பைன் மரப் பலகைகள் கொட்டகையின் ஓரத்தில் கிடக்கும். முதலாளியிடம் கேட்டு, முடிச்சு இல்லாததாகப் பார்த்துப் பொறுக்கினார். அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்து அறுத்தார், இழைத்தார், திருகினார். சுவரில் ஓட்டை போட்டால் கோவிந்தப்பன் ஏதாவது சொல்வார் என்று, தரையில் தானாக நிற்கும்படி அலமாரியை அமைத்தார். தட்டுகளை ஒரு டப்பா அகலத்துக்கு மேல் விடவில்லை. ஒன்றன் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டால் தேடித் தேடியே பொம்பிளைக்குப் பாதி நாள் போய்விடும் என்பது அவர் கணக்கு. டப்பா நழுவாதிருக்க ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் மெல்லிய சட்டம் அடித்தார். அடியில் ராகி மாவுக்கும் அரிசிக்கும் சக்கரம் வைத்த இரண்டு பெட்டிகள். காலால் தட்டினாலே வெளியே வரும்.

முடிந்த அன்று மேகலா மாடியிலிருந்து கோவிந்தப்பனின் மனைவியை அழைத்து வந்து காட்டினாள். எதிர் வீட்டுக்காரியையும் கூப்பிட்டாள். ஒவ்வொரு டப்பாவையும் எடுத்து எடுத்து வைத்தாள். “பாருங்கக்கா, நிக்கறேன், எடுக்கறேன், அவ்ளோதான்” என்றாள். அன்றைக்குப் பிதுக்கம்பருப்புக் குழம்பு வைத்து அப்பாவுக்கு ராகிக் களி போட்டாள். முனிவேல் சாப்பிட்டுக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். தான் செய்த ஒன்று உடைபடாமல் ஓரிடத்தில் நிற்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் அந்தத் தெருவில் பலருக்கும் காய்ச்சல் கண்டது. மேகலாவுக்கு டெங்கு என்றார்கள். முதலில் ஓசூர், பிறகு பெங்களூர். சென்னம்மா பப்பாளி இலையைக் கசக்கிச் சாறு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மகள் கண்ணைத் திறந்து, “பாப்பா சாப்பிட்டாளாம்மா?” என்று கேட்டாள். சாப்பிட்டாள் என்று சென்னம்மா சொன்னாள். அதன் பிறகு மேகலா பேசவில்லை. கொண்டுபோன சாறு தூக்குப் பாத்திரத்தில் அப்படியே இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது முனிவேல் அந்தச் சமையலறைக்குள் போனார். டப்பாக்களில் அவள் நிரப்பி வைத்த பருப்பு, அவள் வறுத்து அரைத்த மிளகாய்த்தூள். மாதேஸ்வரனின் தாய் அதிலிருந்துதான் எடுத்துச் சமைத்துக்கொண்டிருந்தாள். வேறு எதிலிருந்து எடுப்பாள்? அவர் வெளியே வந்தார்.

வருஷம் திரும்பியது. ஒரு நாள் மாதேஸ்வரன் ஜூஜுவாடியில் மாமனார் வீட்டுக்கு வந்தான். உள்ளே வந்தும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னான்.

“மாமா, அம்மாவுக்கு முட்டி சுத்தமா முடியல. நான் ஷிப்டுக்குப் போயிட்டா பாப்பா தனியா நிக்குது. பொண்ணு பாக்கறாங்க. உங்கள கேக்காம செய்ய மனசு வரல.”

முனிவேல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “கட்டிக்கப்பா. பாப்பாவுக்கு ஒரு ஆள் வேணும்.”

சென்னம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று அன்றிரவு சொன்னாள். சொன்னபடியே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதேஸ்வரன்தான் சுவாதியை வண்டியில் கொண்டுவந்து பாட்டியிடம் விட்டுப் போவான்.

புதிதாக வந்தவள் பெயர் நாகவேணி. ஆனேக்கல் பக்கத்துப் பெண், வீட்டில் தெலுங்கு. தமிழ் பேசுவாள், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்து எடுத்து வைப்பதுபோல் பேசுவாள். நெடுநெடுவென்று வளர்த்தி. மாதேஸ்வரனுக்கே சமமாக நிற்பாள். முனிவேல் அவளைக் கல்யாணத்தில் பார்த்ததோடு சரி.

இரண்டு மாதம் முன்பு, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவளிடமிருந்து முனிவேலுக்குப் போன் வந்தது.

“அப்பா, நான் நாகவேணி. மத்திகிரியிலேர்ந்து.”

“சொல்லும்மா. பாப்பாவுக்கு ஏதாச்சும்...”

“பாப்பா நல்லா இருக்கா. வேற ஒண்ணு. தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்த அலமாரி எனக்கு ரொம்ப கீழ இருக்குப்பா. எல்லாத்துக்கும் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு நிக்கல. டாக்டரு குனியாதன்றாரு. வீட்டுக்காரருகிட்ட சொன்னேன். அதத் தொடக் கூடாதுன்னுட்டாரு. அப்பறம் அவரே, உன் இஷ்டம்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. வேற ஆசாரியக் கூப்பிட எனக்கு மனசு வரல. நீங்க செஞ்சது. நீங்க முடியாதுன்னா விட்டுடறேன், இப்பிடியே பாத்துக்கறேன்.”

முனிவேல் கையில் பிசைந்த சோறு காய்ந்துகொண்டிருந்தது. “ஞாயித்துக்கிழம வர்றன்” என்றார்.

சென்னம்மாவிடம் மறைக்கவில்லை. அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள். “எம்பொண்ணு உயரத்த உங்க கையாலயே கலைக்கப் போறீங்க.”

“அந்தப் பொண்ணுக்கு இடுப்பு வலி சென்னம்மா.”

“போங்க. நான் போக வேணாம்னு சொன்னேனா?”

ஞாயிறன்று மாதேஸ்வரனுக்குப் பகல் ஷிப்டு. அவன் தாய் ஊருக்குப் போயிருந்தாள். வீட்டில் நாகவேணியும் சுவாதியும் மட்டும் இருந்தார்கள். டப்பாக்களையெல்லாம் அவள் ஏற்கனவே கூடத்தில் எடுத்து வைத்திருந்தாள். அலமாரியில் எந்தத் தட்டில் எது இருந்ததோ அதே வரிசையில் தரையிலும் வைத்திருந்ததை முனிவேல் கவனித்தார்.

தட்டுகளைப் பிரிக்காமல் வேலையை முடித்துவிடலாம் என்றுதான் அவர் யோசித்து வந்திருந்தார். அடியில் உயரமாக ஒரு பீடம் அடித்து, அலமாரியை அப்படியே தூக்கி அதன்மேல் வைத்துவிட்டால் மேகலாவுக்குச் செய்தது ஒன்றும் கலையாது. பீடத்துக்கான கட்டைகளைக்கூடக் கொட்டகையிலேயே அறுத்துக் கொண்டுவந்திருந்தார். வைத்துப் பார்த்தபோது அலமாரியின் தலை சிமெண்ட் பரணில் இடித்தது. கட்டையைக் குறைத்தார். அப்போதும் இடித்தது. இன்னும் குறைத்தால் தூக்கி வைப்பதற்கே அர்த்தமில்லை. இனி ஒவ்வொரு தட்டையும் கழற்றி உயர்த்தி மாட்டுவதுதான் வழி. கட்டைகளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, திருப்புளியை எடுத்தார்.

ஒவ்வொரு தட்டாகக் கழன்றது. பின்பக்கச் சட்டத்தின் இடுக்கில் கொஞ்சம் கடுகும் நாலைந்து துவரம்பருப்பும் சிக்கியிருந்தன. யார் கை சிந்தியது என்று தெரியவில்லை. அவற்றைக் கூட்டித் தள்ள மனமில்லாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுவாதி வாசலிலிருந்து ஓடிவந்து, “அம்மா, தாத்தா ஏன் ஒடைக்கறாரு?” என்று கேட்டாள். நாகவேணியின் புடவையைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள்.

“ஒடைக்கல கண்ணு. மேல ஏத்தறாரு” என்றாள் நாகவேணி.

குழந்தை அவளை அம்மா என்று கூப்பிட்டு முனிவேல் கேட்பது அதுதான் முதல் தடவை. ஜூஜுவாடிக்கு வரும்போது சுவாதி ‘அங்க’, ‘வீட்டுல’ என்று மட்டும்தான் சொல்லுவாள். பாட்டி முன்னால் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாதென்று அந்தச் சின்ன வயதில் யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, அல்லது அவளுக்கே தெரிந்ததோ.

அளவு எடுக்க வேண்டும். அவர் டேப்பை எடுத்தார். “சுவத்த ஒட்டி நில்லும்மா” என்றார். நாகவேணி போய் நின்றாள். “கைய மேல...” என்று பாதியில் விட்டார். அவளுக்குப் புரிந்தது. மெல்லக் கையை உயர்த்தினாள். அவர் பென்சிலைக் கொண்டுபோனார். கோடு போட முடியவில்லை.

“இரும்மா” என்று சொல்லிவிட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குப் போனார். முகத்தைக் கழுவினார். கழுவிக்கொண்டே இருந்தார். மகள் போன நாளிலிருந்து, வந்தவர்களைப் பார்ப்பதும் சென்னம்மாவைத் தேற்றுவதுமாக அவர் அழாமலே இருந்துவிட்டார். இப்போது அந்தத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகும் டவுன் பஸ்ஸின் சத்தத்துக்குள் அழுது தீர்த்தார்.

திரும்பி வந்தபோது நாகவேணி அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாள். கையை இறக்கவில்லை. அவள் கண்ணும் கலங்கியிருந்தது. அவர் கோடு போட்டார்.

சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தது. பழைய திருகு ஓட்டைகளில் பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்தார். எவ்வளவு தேய்த்தும் பைன் மரத்தில் அந்த இடங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. அப்போதுதான் மாதேஸ்வரன் ஷிப்டு முடிந்து வந்தான். மாமனாரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, காப்பி போட்டுத் தருகிறேன் என்று சமையலறைக்குள் போனான். சர்க்கரை டப்பாவுக்காக, திரும்பிப் பார்க்காமலேயே கையை நீட்டினான். கை பழைய இடத்துக்கே போய், வெறும் காற்றைப் பிடித்தது. அவன் நீட்டிய கையோடு அப்படியே நின்றான். நாகவேணி பின்னால் வந்து, மேலே இருந்த டப்பாவை எடுத்து மேடையில் வைத்துவிட்டு நகர்ந்து போனாள். முனிவேல் காப்பி குடிக்காமலே சுத்தியலையும் திருப்புளியையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார்.

சென்னம்மா வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏத்தியாச்சா?”

“ஆச்சு.”

இன்னொரு புளியைப் பிளந்துகொண்டே அவள் கேட்டாள். “பாப்பா அவள எப்பிடிக் கூப்பிடுது?”

பொய் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். “அம்மான்னுதான்” என்றார்.

அவள் கை நின்றது. “கூப்பிடட்டும்” என்றாள். “கூப்பிடட்டும், அதுக்கும் யாரையாச்சும் கூப்பிடணுமில்ல.” சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அக்கம்பக்கத்தவர் எட்டிப் பார்க்கும்படி அழுதாள். முனிவேல் பக்கத்தில் உட்கார்ந்து, சிதறிய புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

சென்னம்மா இன்னும் மத்திகிரிக்குப் போகவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சுவாதியை பஸ்ஸில் கூட்டிவருவது நாகவேணி. வாசலோடு நின்றுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று திரும்பிப் போவாள். சென்னம்மா உள்ளே வா என்று சொன்னதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டதுமில்லை. போன வாரம் வெயில் கொளுத்தியது. சென்னம்மா ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். நாகவேணி நின்றபடியே முழுவதையும் குடித்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.