குல்லா இல்லாத மருந்து

மருந்து ஆலையில் அவளைத் தொட்டியம்மா என்பார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மாமியார்கூட வாய் தவறி, "தொட்டியம்மா, சாப்பாடு ஆறுது" என்றுதான் கூப்பிடுவார். ஆளுயர எஃகுத் தொட்டிகளில் உயிருள்ள செல்களை வளர்ப்பது அவள் வேலை. கைக்குழந்தையைப் பார்ப்பதுபோலச் சூடு பார்க்க வேண்டும், காற்றுக் கொடுக்க வேண்டும், வேளாவேளைக்கு இரை கொடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அந்தச் செல்கள் செய்து தருவது, ரத்தம் ஊற வைக்கும் ஒரு மருந்து. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களுக்கு அது இல்லாமல் ஆகாது.

அப்படிப்பட்டவர்களில் ஒருவன் அவள் கூடப் பிறந்த தம்பி. அம்மா கண் மூடியபோது அவன் ஐந்து வயதுப் பிள்ளை. சித்தி வீட்டிலும் அத்தை வீட்டிலும் மாறி மாறி வளர்ந்தாலும், அவனைக் குளிப்பாட்டித் தலை துவட்டியது இவள்தான். அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துத் தெருவே குதிரை என்று பட்டப்பெயர் வைத்தது. இப்போது குதிரை மாடி ஏறுவதற்குள் நடுப்படியில் உட்கார்ந்துவிடுகிறான். போன மாதம் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கதவைத் திறந்த அக்காவிடம் பேச மூச்சில்லாமல் கையை மட்டும் ஆட்டினான். அந்தக் கை அவள் கண்ணைவிட்டுப் போகவே இல்லை.

செல்லுக்குள் மருந்து உருவாகும் விதத்தை ஆலையின் மேலாளர் அம்மா ஒருமுறை விளக்கியிருந்தார். புரதம் நூலாக நீண்டு வரும்போதே, தயாராக வைத்திருக்கும் சர்க்கரைக் கொத்து ஒன்றைச் செல் அதன்மேல் கட்டிவிடுமாம். பிறகு கொத்தில் கொஞ்சம் கிள்ளும். நூல் ஒழுங்காக மடிந்ததா என்று பார்க்கும். அப்புறம் அடுத்த இடத்துக்குத் தள்ளும். அங்கே தட்டுத் தட்டாக அடுக்கிய அறைகளில் இன்னும் கிள்ளுவதும் ஒட்டுவதுமாகக் கொத்து கிளை விடும். கடைசியில் ஒவ்வொரு கிளை நுனிக்கும் வேறொரு சர்க்கரையைக் குல்லா மாதிரி மாட்டும். குல்லா இருந்தால் மருந்து ரத்தத்தில் நெடுநேரம் சுற்றும். மொட்டையாகப் போனால் கல்லீரல் கண்டுபிடித்து இழுத்து விழுங்கிவிடும், ஊசி போட்டும் போடாத கதைதான்.

அதனால் தொட்டிக்கு இரண்டு குழாய்கள். ஒன்றில் இரை போகும், மற்றொன்றில் குல்லாவுக்கு வேண்டிய சரக்கு போகும். குழாயைக் கிளாம்பு போட்டு இறுக்கினால் "மூடியாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும், எடுத்தால் "திறந்தாச்சு" என்று சொல்ல வேண்டும். கூட நிற்பவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அங்கே அதுதான் வழக்கம்.

ஒருநாள் சாயங்காலம் குல்லாச் சரக்குப் புட்டியை மாற்றும்போது கூட நின்றவன் ஒட்டடைக்குச்சி. நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். தன் மாமனாரின் குறட்டையை நடித்துக் காட்டி அவளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். சிரித்தபடியே அவள் "திறந்தாச்சு" என்றாள். அவனும் "திறந்தாச்சு" என்றான். கிளாம்பை யாரும் தொடவில்லை.

மறுநாள் காலை வந்து பார்த்தால், குல்லாக் குழாயைக் கிளாம்பு கவ்விக்கொண்டு நிற்கிறது. புட்டி நிறைந்தது நிறைந்தபடியே இருக்கிறது. சட்டென்று திறந்துவிட்டாள்.

"செல்லெல்லாம் உயிரோடதானேக்கா இருக்கு?" என்று கிசுகிசுத்தான் ஒட்டடைக்குச்சி.

"இருக்கு. வேலையும் செஞ்சிருக்கு. ராத்திரி பூரா மொட்டையா அனுப்பியிருக்கு."

"முன்னாடி செஞ்ச மருந்தோட கலந்துடும். டெஸ்ட்ல எப்படியோ தாண்டிடும். நாம வாயத் திறந்தா ரெண்டு பேர் சீட்டும் கிழிஞ்சிடும்க்கா."

சீட்டைப் பற்றி அவள் நினைக்கவில்லை. சொன்னால் தொட்டியைக் கொட்டிவிடுவார்கள், மறுபடியும் தட்டுப்பாடு வரும், மறுபடியும் அந்தக் கை ஆடும். சொல்லாவிட்டால் தம்பி உடம்பில் ஏறுவது மருந்தா தண்ணியா என்று யாருக்குத் தெரியும்? அவன் ஒருவனா, முகம் தெரியாத எத்தனையோ தம்பிகள். கழுவிய புட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள். மதியம் மேலாளர் அறைக் கதவைத் தட்டினாள்.

"எப்ப பாத்தீங்க?" என்றார் மேலாளர் அம்மா.

"காலைல வந்ததும்மா."

"இவ்வளவு நேரம் என்ன பண்ணீங்க?"

"பயந்துட்டு இருந்தேம்மா."

அவர் வைதார், வாய்க்கு வந்தபடி வைதார். பிறகு குரல் இறங்கி, "உங்க தம்பியும் இதைத்தானே போட்டுக்கிறாரு?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுதாம்மா வந்தேன்."

சோதனையில் நிறையக் கிளைகள் மொட்டை என்று தெரிந்தது. தொட்டியைக் கொட்டச் சொல்லி உத்தரவு வந்தது. வடிகால் வாயைத் திறந்தது அவள் கைதான். இந்த முறை "திறந்தாச்சு" என்று வாய் சொன்னதைக் கையும் செய்தது.

வேலை முடிந்து நேரே தம்பி வீட்டுக்குப் போய், ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா என்னடா சொல்லியிருப்ப?"

அவன் சுவரிலிருந்து திரும்பி, "மருந்து வர்ற வரைக்கும் ரத்தம் ஏத்தலாம்னு டாக்டர் சொன்னாரு" என்றான்.

"என் ரத்தத்த எடுத்துக்கச் சொல்லு."

"ஐயோ, வேணாம்மா தாயே! அதையும் மூடி வச்சுட்டே 'திறந்தாச்சு'ம்ப!"

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாகி, இருமல் இழுப்பாகிவிட்டது. அவள் அவனைத் தோளில் சாய்த்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். புதுத் தொட்டி விளைய இன்னும் நாளாகும். மூச்சு சீரானதா என்று அவன் முகத்தைப் பார்த்தாள். இன்னும் சீராகவில்லை.