வலது பின் மூலைக்காரன் கட்டிய பாலம்

ராணுவத்தில் இருந்தவன் என்று தெரிந்ததும் ஊரில் வரும் முதல் கேள்வி, "எத்தன பேரச் சுட்டீங்க?" என்பதுதான். பொறியாளர் படைப்பிரிவு என்று சொன்னால், "அப்ப ஆபீசரா இருந்தீங்களா?" என்பார்கள். இரண்டுக்கும் உண்மையான பதில் சொன்னால் கேட்கிறவருக்குச் சப்பென்று ஆகிவிடும் என்பதால் நான் மீசையைத் தடவிக்கொண்டு டீயைக் குடிப்பேன். சண்டை போடுகிறவர்கள் போக வழி செய்து கொடுப்பதுதான் எங்கள் வேலை. ஆறு இருந்தால் பாலம் போட வேண்டும், பாறை இருந்தால் வெடி வைக்க வேண்டும், கண்ணிவெடி இருந்தால் தேடி எடுக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். நடைமுறையில் தோண்டுவது, மூடுவது, தூக்குவது, இறக்குவது. துப்பாக்கியை விட மண்வெட்டிதான் என் கையில் அதிகம் இருந்தது. அந்த மண்வெட்டியை ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் காட்டிலேயே பிடித்திருக்கலாம். அதற்காக ரயில் ஏறி இமயமலை வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

ஓய்வுபெற்று வந்த முதல் வாரமே காலில் நெருஞ்சி முள் ஏறி நொண்டினேன். மனைவி ஊசியால் முள்ளை எடுத்துக்கொண்டே, "இந்தக் கண்ண வச்சுத்தான் வெடியத் தேடுனீங்களாக்கும்" என்றாள்.

பாலம் விஷயத்தில் மட்டும் என் வாய் சும்மா இருக்காது. "டேங்க் போற பாலம் போட்டவன் நான்" என்று டீக்கடையில் சொல்லாத நாளில்லை. அது பொய்யும் இல்லை. ஆனால் ராணுவப் பாலம் என்பது லாரியில் துண்டு துண்டாக வந்து இறங்கும். ஒரு இரும்புச் சட்டத்தைப் பல பேர் சேர்ந்து தூக்கிப்போய் மாட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. என் இடம் வலது பக்கம், பின் மூலை. பல வருஷம் நான் பார்த்ததெல்லாம் எனக்கு முன்னால் தூக்கியவனின் முதுகைத்தான். பாலத்தின் இடது பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது. பிறகு பதவி உயர்ந்தது. தூக்குவதை விட்டுவிட்டு, தூக்குகிறவர்களைப் பார்த்துக் கத்தத் தொடங்கினேன்.

எங்கள் சம்பங்கித் தோட்டம் ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நான் வெளியூரில் பாலம் தூக்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் அதை நட்டு, களை எடுத்து, பூப்பறித்து, திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வேன் ஏற்றி விட்டவள் என் மனைவி. ஓடையைக் கடக்க ஒரு தென்னந்தடியைக் குறுக்கே போட்டிருந்தாள். விடியும் முன்பே தலையில் கூடையோடு அதன் மேல் நடந்துவிடுவாள். இப்போது அவளுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. போன ஐப்பசியில் ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலையில், அவளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்தேன். தடியின் மேல் உட்கார்ந்து, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் ஊன்றி, நகர்ந்து நகர்ந்து வந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் அவளே பேச்சை எடுத்தாள். "தோட்டத்தக் குத்தகைக்கு விட்ருவோமா? மேலத்தெருக்காரர் கேட்டுக்கிட்டே இருக்காரு. என்னால இனி முடியாது போலருக்கு." சொல்லிவிட்டு, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்தை எடுத்துவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் தோட்டத்தை விட்டுவிட்டு அவள் வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆவாள் என்று எனக்குத் தெரியும்.

"நான் பாலம் போடுறேன்" என்றேன். டேங்க் போகும் பாலம் போட்டவன் ஆயிற்றே.

திண்டுக்கல்லில் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து நீளமான சட்டங்களும் தகடுகளும் வாங்கினேன். உதவிக்கு மனைவியின் தம்பியை அழைத்துக்கொண்டேன். பாவம், அவன் காய்கறி வியாபாரி, ஒட்டன்சத்திரத்துக்குத் தக்காளி ஏற்றிப் போகிறவன். அவனை முன் மூலையில் நிறுத்திவிட்டு நான் பழக்கதோஷத்தில் பின் மூலைக்குப் போனேன். "மச்சான், எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க, தோளு போகுது" என்றான். முன்னால் இருக்கிறவனுக்குத்தான் அது தெரியும் என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் யாரிடமாவது கேட்கலாமா என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஓடைதான் இருந்தது.

எப்படியோ பாலம் எழுந்தது. இடம் தேர்ந்தெடுத்ததில் எனக்கு அபாரப் பெருமை. ஓடை நெடுக நடந்து பார்த்து, எங்கே அகலம் குறைவு, எங்கே இரண்டு கரையும் பாறை, எங்கே வெள்ளம் அரிக்காது என்று கணக்குப் போட்டு, பாடத்தில் சொல்லிக்கொடுத்த அத்தனை விதிக்கும் பொருந்துகிற இடமாகப் பிடித்திருந்தேன். யானை ஏறினாலும் அசையாது. மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினேன்.

அவள் பாலத்தைப் பார்த்தாள். பிறகு வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. யாரு போறதுக்கு?" என்றாள்.

அந்த இடத்துக்கு வர அடுத்தவர் தோட்டத்து முள்வேலியைச் சுற்ற வேண்டும், இரண்டு வரப்பு ஏறி இறங்க வேண்டும். முட்டி தேய்ந்தவளுக்கு அதைவிடத் தென்னந்தடியே மேல். ராணுவத்தில் நாங்கள் பாலத்தை எங்கே போட்டாலும் பின்னாலேயே புல்டோசர் வந்து பாதை போட்டுவிடும். பாதை பாலத்தைத் தேடி வரும் என்றே பழகிவிட்டேன். இங்கே பாதையைப் போட்டவை என் மனைவியின் கால்கள். அதை நான் எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை. கோவணத்தை விட்டுவிட்டுத் தலைப்பாகை கட்டியவன் கதைதான்.

ஒரு வாரம் அந்தப் பாலத்தில் ஆடுகள் போயின. ஆட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார். டீக்கடையில், "மிலிட்டரி, ஆட்டுக்கெல்லாம் நல்ல வசதி செஞ்சு குடுத்திருக்கீக" என்றார்கள். மேலத்தெருக்காரர் குத்தகை பேச வீட்டுக்கே வந்துவிட்டார். மனைவி அவருக்கு மோர் கொடுத்து, "தைக்குள்ள சொல்றேண்ணே" என்று அனுப்பிவைத்தாள். அவள் குரலில் வழக்கமான காரம் இல்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாளே ஸ்பானரை எடுத்துக்கொண்டு போனேன். பாலம் முழுவதையும் நட்டு போல்ட்டில்தான் மாட்டியிருந்தேன், ராணுவத்தில் அப்படித்தான். படை கடந்து போனதும் பாலத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு நாங்களும் போய்விடுவோம். போட்ட பாலம் எதையும் விட்டுவிட்டு வந்ததில்லை. கழற்றுகிற வேலையில் மட்டும் என்னை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. ஒரே நாளில் பிரித்து அடுக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட்டு, "எங்க போடணும்?" என்று கேட்டேன். அவள் தென்னந்தடிக்குப் பக்கத்தில் குதிகாலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். அங்கே ஓடை அகலம், கரை வெறும் மண். விதிப்படி பாலம் போடவே கூடாத இடம். நடுவில் கருங்கல் அடுக்கி ஒரு தூண் கட்டினேன், இரு கரையிலும் கல் பாவினேன், கழற்றிய சட்டங்களையும் தகடுகளையும் அதன் மேல் மறுபடி நட்டு போல்ட்டில் மாட்டினேன், அவள் கைக்கு எட்டுகிற உயரத்தில் கைப்பிடிக் கம்பி வைத்தேன். மச்சினன் தக்காளியை மறந்து உழைத்தான்.

பாலம் முடிந்த அன்று அவள் பூக்கூடையோடு வந்தாள். போட்ட பாலத்தில் முதல் வண்டி போகும்போது, போட்டவன் அதன் அடியில் நிற்க வேண்டும் என்பது எங்கள் ஆட்களிடையே ஒரு வழக்கம். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடைத் தண்ணீரில் இறங்கி நின்றேன். டேங்க் போனபோதுகூட என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளவில்லை.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். நடுப்பாலத்தில் நின்றாள். தகடு ஆடுகிறதோ என்று பயந்துபோய் அண்ணாந்து பார்த்தேன். அவள் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையும் ஒரு நா கழட்டிட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டாள்.

கேலியாகக் கேட்கவில்லை. ஒவ்வொரு விடுமுறையும் முடிந்து நான் பெட்டி கட்டிய போதெல்லாம் அவள் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லை என்று தலையை ஆட்டினேன். அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு அந்தக் கரைக்குப் போனாள்.

மறுநாள் வெல்டிங்காரரை வரவழைத்து, நட்டு ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, இனி எந்த ஸ்பானருக்கும் அசையாதபடி பற்றவைக்கச் சொன்னேன்.