நாலு பைட்டில் ஹம்சா

டெக்சஸில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் சுந்தரராமனுக்கு எழுபத்தெட்டு வயது. மைக்ரோவேவ் அடுப்புகளுக்கு மூளையாக ஒரு காலத்தில் வந்த நாலு பிட் சிப்புக்குப் புரோகிராம் எழுதியவர் அவர்தான். மொத்த இடமே ஆயிரத்து இருபத்து நாலு பைட். கடிகாரம், சூடு, பீப் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மனுஷன் அடக்கினார்! மிஞ்சிய நாலு பைட்டில் மனைவி ஹம்சாவின் பிறந்த தேதியை வைத்தார். யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று மேனேஜரோடு சண்டை போட்டுப் பூட்டும் வைத்தார். "எமனே வந்தாலும் படிக்க முடியாது" என்று மீட்டிங்கில் மார்தட்டினார்.

கம்பெனி மூடியாயிற்று, பேப்பரெல்லாம் குப்பைக்குப் போயிற்று. போன வருஷம் பழைய இன்ஜினியர்கள் சங்கம் அந்தச் சிப் குடும்பத்தின் வரலாற்றை இணையத்தில் போட்டது. புரோகிராம் எழுதியவராம் அந்த மேனேஜர்! ஒரு வரி எழுதத் துப்பில்லாத ஆள். சுந்தரராமன் சங்கத்துக்கு எழுதிக் கேட்டார். ஆதாரம் உண்டா என்றார்கள்.

அவருக்குத் தெரிந்து மிச்சமிருந்த ஒரே சிப் வீட்டு அடுப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தார்.

"நன்னா ஓடிண்டிருக்கறதை எதுக்குன்னா பிரிக்கறேள்?"

"உள்ள உன் பர்த்டே இருக்குடி. அதை ப்ரூவ் பண்ணிட்டா என் பேர் வந்துடும்."

"நாப்பது வருஷமா வாயைத் திறக்கலையே! நல்ல ஆள்!" ஹம்சாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

சிப்பைக் கழற்றி, கலிபோர்னியா ஃப்ரீமான்ட்டில் சிப் ஆய்வகம் நடத்தும் தீபக்குக்கு அனுப்பினார். பூட்டை உடைக்க முடியாது, ஆசிட்டில் மூடியைக் கரைத்து மைக்ரோஸ்கோப்பில் பிட்டுகளைப் பார்ப்பதுதான் வழி, சிப் செத்துப்போகும் என்றான் அவன். கரை என்றார்.

அடுத்த வாரம் போன் வந்தது.

"ஸாரி அங்கிள். open பண்ணிப் பார்த்தாச்சு, பிட் எதுவும் கண்ணுக்கே தெரியலை. microscope-ல பார்த்தாலும் தெரியாத மாதிரி மறைச்சிருக்காங்க. எவ்வளவு careful-ஆ பண்ணியிருக்காங்க!"

பூட்டோடு சேர்த்து அப்படி மறைத்ததும் தான்தான் என்பது அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. பாவி, மறந்தே போயிருந்தார்.

"அது நான் பண்ணினதுதாம்ப்பா."

"நான் நம்பறேன் அங்கிள். ஆனா அவங்க ப்ரூஃப் கேப்பாங்களே."

போனை வைத்தார். பழக்கதோஷத்தில் ஹம்சா பால் டம்ளரைச் சிப் இல்லாத அந்த அடுப்புக்குள் வைத்துப் பட்டனை அமுக்கினாள். சத்தமில்லை. டம்ளரை வெளியே எடுத்து, ஆறின பாலையே அவரிடம் கொடுத்தாள்.