சாம்பல்தீவுக் கோழிகளின் இரத்தம்

என் சோதனையில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. தலைக்கனம் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். ராணிக்கெட் வைரசை எதிர்த்துக் கோழியின் இரத்தத்தில் உண்டாகும் பிறபொருளெதிரியைக் கண்டுபிடிக்க, துறைமுகத்துக்குக் கிட்டவுள்ள எங்கள் சின்ன ஆய்வுகூடத்தில் நான் ஒரு சோதனையை உருவாக்கிக்கொண்டிருந்தேன். பிறபொருளெதிரி இருந்தால் தட்டின் குழியடியில் இரத்தச் செங்குழியங்கள் இறங்கிச் சிவப்புப் பொட்டாக நிற்கும். இல்லாவிட்டால் பொட்டு விழாது.

தம்பலகாமத்தில் ராணிக்கெட் வந்து கோழிகள் செத்துக்கொண்டிருந்தன. எந்த ஊர்க் கோழிகளுக்குப் பாதுகாப்பு இல்லை என்பதை இங்கேயே ஒரு நாளில் சொல்லிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். சோதனையைச் சரிபார்க்க, நோயும் வராத, தடுப்பு மருந்தும் படாத கோழிகளின் இரத்தம் தேவைப்பட்டது. சாம்பல்தீவில் ஓர் அக்காவின் வளவில் எடுத்தேன்.

"மருந்து ஒண்டும் குடுக்கேல்லை, பிள்ளை. வருத்தமும் வரேல்லை," என்றா.

மறுநாள் பார்த்தால் எல்லாக் குழியிலும் பொட்டு. மூன்று தரம் திருப்பிச் செய்தேன். அதே பொட்டு.

"உங்கட சோதனை எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்லுது," என்றார் பொறுப்பதிகாரி. "இதை விடுங்கோ. பழையபடி இரத்தத்தை மலைநாட்டுப் பெரிய ஆய்வுகூடத்துக்கே அனுப்புவம்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன்.

"நீங்கள் என்னட்டப் பொய் சொன்னனீங்கள்," என்றேன் படலையிலேயே.

அவவின் முகம் கறுத்துவிட்டது. "கோழிக்கு ஏன் பிள்ளை நான் பொய் சொல்லோணும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டா. வா என்றுகூடச் சொல்லவில்லை.

என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றேன். அவவின் கோழிகள் வேலிக்கு அடியால் நுழைந்து அடுத்த வளவுச் சட்டியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. எட்டிப் பார்த்து, அங்கே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த அண்ணனிடம் கேட்டேன்.

"ஓம், போன மாசம் அந்தச் சட்டித் தண்ணியிலதான் ராணிக்கெட் மருந்து கலந்து வைச்சனான். கரைவலை இழுக்கக் கூப்பிட்டாங்கள், கூட்டைத் திறக்காமலே ஓடிட்டன். வந்து பாக்கச் சட்டி காலி. மனுசி திறந்துவிட்டிருப்பா எண்டு நினைச்சனான்."

"நான் எங்க திறந்தனான்?" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது.

அவருடைய பத்துக் கோழிகளிலும் இரத்தம் எடுத்தேன். அடுத்த நாள் ஒரு குழியிலும் பொட்டு இல்லை. என் சோதனை சரி. பொறுப்பதிகாரியின் மேசையில் இரண்டு தட்டுகளையும் கொண்டுபோய் வைத்தபோது எனக்கு வந்த சந்தோசத்தை ஏன் மறைக்க வேண்டும்?

நான் தேடியலைந்த கோழிகள் அந்த அண்ணனுடையவைதான். மருந்து கொடுக்காமல் அப்படியே விட்டுவைத்தால் மாதக்கணக்கில் இரத்தம் எடுக்கலாம். அந்த ஆசையும் வந்தது. ஆனால் மருந்து குடித்த கோழிகள் என்று நம்பிக்கொண்டல்லவா அந்த மனிதர் நிம்மதியாக இருக்கிறார்? தம்பலகாமம் அப்படியொன்றும் தூரமில்லை.

அன்று பின்னேரமே கண்ணில் விடும் தடுப்பு மருந்தோடு போய் அண்ணனிடம் விசயத்தைச் சொன்னேன். கோழிகளைப் பிடித்துத் தர வேலியைக் கடந்து வந்தது அந்த அக்காதான்.

"அக்கா, பிழை என்னிலதான். உங்களை அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது."

அவ என்னைப் பார்க்கவில்லை. கோழியின் தலையைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தா.

"கதையை விட்டிட்டுக் கண்ணில சரியா விடுங்கோ," என்றா. "துளி வெளியில விழுகுது."