ஆளுக்கு ஒரு காது

பக்கத்து வீட்டுக்காரி புதுக் காரு வாங்கினப்போ தாமரைக்குப் பொறாமை வரல. தங்கச்சி மக டாக்டருக்குப் படிக்கப் போனப்போகூட வயிறு எரியல, கேக் வாங்கிட்டுப் போய் ஊட்டிவிட்டுட்டு வந்தா. ஆனா சந்திரகலா காதுல வேற ஒருத்தி பாட்டு வெச்சா பாருங்க, அய்யய்யோ! அன்னிக்கு அவ பட்ட பாட்டை எதிரிகூடப் படக்கூடாது.

தாமரைக்கு வீடு கிள்ளான்ல, வேலை பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பல் கிளினிக்கோட கவுண்டர்ல. நாற்பத்தாறு வயசுல உலகத்துல அவ பார்த்த வெளிநாடு ஒண்ணே ஒண்ணு, எல்லைக்கு அந்தப் பக்கம் ஹாட்ஜாய் வரைக்கும் ஒரு பஸ் டூர். ஆனா காதால போகாத ஊரு கிடையாது. எல்லாம் ஒரு சாயங்காலம் துணி தேய்க்கும்போது ஆரம்பிச்சது. யூடியூப்ல தமிழ்ப் பாட்டு முடிஞ்சு, அதுவா அடுத்த பாட்டுக்குத் தாவிடுச்சு. கேட்டா நம்ம கோயில் நாதஸ்வரக்காரரு கையில சாக்ஸபோனைக் கொடுத்த மாதிரி இருக்கு. பாடுறவன் பேசுற பாஷை ஒண்ணும் புரியல. பார்த்தா, எத்தியோப்பியா! இஸ்திரிப்பெட்டியைத் துணி மேலயே வெச்சுட்டு நின்னுட்டா. புருஷன் லோகனோட வேலைச் சட்டை ஒண்ணு அன்னிக்குக் கருகிப்போச்சு.

அப்புறம் விடுவாளா? கொங்கோ, பெரு, அல்ஜீரியா, கம்போடியால அந்தக் காலத்துல கித்தார் வெச்சுப் பாடினவங்கன்னு தேடித் தேடிப் பிடிச்சா. டீவில, ரேடியோல எப்பப் பார்த்தாலும் அதே அமெரிக்கக்காரன் பாட்டுத்தானா, மத்த ஊர்ல எல்லாம் வாயை மூடிக்கிட்டா இருக்காங்கன்னு அவளுக்கு ஒரு கோபம். வீட்டுல கேக்க ஆளில்ல. "என்னம்மா, பேய் ஓட்டுறாங்களா?"ன்னு லோகன் கேலி பண்ணினான். மகன் ரூம் கதவைச் சாத்திக்கிட்டான். மிச்சம் இருந்தது ரயில் சிநேகிதி கலாதான்.

கலாங்கிற சந்திரகலாவுக்கு பெரிய ஹோட்டல் ஒண்ணோட சலவைப் பகுதியில வேலை. தாமரை கிள்ளான்ல கொமுட்டர் ரயில் ஏறி, பெண்கள் கோச்சுல ஜன்னலோரமா உட்கார்ந்து, வலது பக்கம் பையை வெச்சு இடம் பிடிப்பா. பாடாங் ஜாவால கலா ஏறி வந்து பையைத் தூக்கி மடியில வெச்சுக்குவா. வயர் இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ரெண்டு பேரும் இறங்குற கேஎல் சென்ட்ரல் வர்ற வரைக்கும் பாட்டு. எந்த ஊரு, என்ன வாத்தியம், பாடினவன் ஏன் நாட்டை விட்டு ஓடினான், எல்லாத்தையும் தாமரை சொல்லுவா. கலா தலையாட்டிட்டு "நல்லா இருக்குடி"ம்பா. ஆறு வருஷமா இப்படித்தான். அந்த முக்கால் மணி நேரத்துக்காகவே தாமரை காலையில எழுந்திருச்சான்னு சொன்னாலும் தப்பில்ல.

இதுல வந்து நுழைஞ்சா வசுந்தரா. ஷா ஆலம்ல ஏறுவா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஐம்பதைத் தொட்டவ, வெள்ளை முடியை அப்படியே விட்டவ, அதுவும் எடுப்பாத்தான் இருக்கும். புருஷனுக்கு நைரோபியில வேலைன்னு எட்டு வருஷம் அங்க இருந்துட்டு வந்தவ. ஒரு நாள் இவங்க எதிர்ல நின்னுக்கிட்டு வந்தா. தாமரை கலாகிட்ட "இது கொங்கோ பாட்டு"ன்னு விளக்கம் சொல்லி, எட்டிக் கேட்ட வசுந்தராவுக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டினா.

"கித்தார் கொங்கோ மாதிரித்தான். ஆனா பாடுறது சுவாஹிலி பாஷையில. அங்க இருந்து வந்து நைரோபியில தங்கிட்ட பேண்டா இருக்கும்"னா வசுந்தரா, சிரிச்ச முகமா. "இந்த மாதிரி ஒரு பேண்டை நாங்க நேர்லயே கேட்டிருக்கோம். ஒரு பாட்டு அரை மணி நேரம் போகும், யாரும் உட்கார மாட்டாங்க."

கலா, "நேர்லயா! சொல்லுங்கக்கா"ன்னு வாயைப் பொளந்தா.

தாமரைக்கு முகம் செத்துப்போச்சு. வீட்டுக்குப் போய்ப் பார்த்தா, வசுந்தரா சொன்னதுதான் சரி. அது இன்னும் எரிச்சல். தப்பாச் சொல்லியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். "பெரிய இவ! பிளேன்ல போனா யாருக்கும்தான் தெரியும் லா. போகாமத் தெரிஞ்சுக்கச் சொல்லு பார்ப்போம்"னு சட்டியைப் போட்டுத் தேய்ச்சா.

அடுத்த வாரம் காய்ச்சல், ரெண்டு நாள் எம்.சி. லீவு. மூணாம் நாள் ரயில் ஏறி, வழக்கம்போலப் பையை வெச்சு இடம் பிடிச்சா. பாடாங் ஜாவால கலா ஏறினா, ஆனா பக்கத்துல வரல. "உடம்பு எப்படி இருக்கு? வசு அக்கா ஒரு பாட்டுப் போடறேன்னாங்க, தோ வந்துடறேன்"னு எதிர் சீட்டுக்குப் போயிட்டா. ஷா ஆலம்ல வசுந்தரா ஏறி, கலாவோட வலது பக்கம் உட்கார்ந்து, வயரில்லாத இயர்போன் ஒண்ணை எடுத்து அவ காதுல வெச்சா.

தாமரை கண்ணெடுக்காமப் பார்த்தா. கலா கண்ணை மூடினா. உதடு விரிஞ்சுது. சுபாங் ஜெயா தாண்டறதுக்குள்ள விரலு தொடையில தாளம் போட ஆரம்பிச்சிருச்சு. தாளம்! ஆறு வருஷத்துல தாமரைக்குன்னு அந்த விரலு ஒரு தடவை அசைஞ்சிருக்குமா? சண்டாளி!

தன்னோட இயர்போனை எடுத்து ரெண்டு காதுலயும் மாட்டிக்கிட்டா. ரயில்ல முழுப் பாட்டை அவ கேட்டது அதுதான் முதல் தடவை. பாட்டு ஓடுது, மனசுல ஒரு வரி நிக்கல. கண்ணு பூரா எதிர் சீட்டுல அந்த விரல் மேலயே இருந்துச்சு.

நாலு நாள் வேற கோச்சுல ஏறினா. போன் அடிச்சா எடுக்கல. அஞ்சாம் நாள் கேஎல் சென்ட்ரல் எஸ்கலேட்டர்கிட்ட கலா ஓடி வந்து கையைப் பிடிச்சா.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"ஏன், உன் நைரோபி அக்கா வரலையா? அவ போட்டாத்தான் உனக்குத் தாளம் வருமோ? நான் போட்டது எல்லாம் குப்பையா?"

போற வர்றவங்க திரும்பிப் பார்த்தாங்க. கலா அவளை ஓரமா இழுத்துட்டுப் போனா.

"தாமரை, எனக்கு இடது காது கேக்காதுடி."

"என்ன?"

"மூணு வருஷமாச்சு. வேலையில சலவை மெஷினுக்குப் பக்கத்துல இருந்த காது அதுதானே. முதல்ல இரைஞ்சுது, அப்புறம் சுத்தமா அடைச்சிருச்சு. நீ எப்பவும் அந்தப் பக்கம்தான் வெச்சுவிடுவே."

"அப்போ இத்தனை நாளா..."

"கிர்ருன்னு ஒரு அதிர்வு வரும். அவ்வளவுதான். ஆனா நீ சொல்ற கதையெல்லாம் இந்தக் காதுல நல்லாக் கேட்டுச்சு."

"ஏண்டி சொல்லல, பாவி?"

"சொன்னா நீ நிறுத்திருவேன்னு பயம். எனக்கு அந்த நேரம் வேணும்டி."

"அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"நீ வராத அன்னிக்கு, காதுல வைக்கறதுக்கு முன்னாடி கேட்டாங்க. எந்தக் காதுல வெச்சுக்கிறீங்கன்னு."

நியாயமா தாமரைக்கு அந்த நிமிஷம் கலாவை நினைச்சு அழுகை வந்திருக்கணும். வந்துச்சு, இல்லேங்கல. ஆனா அதுக்கு முன்னாடி வந்தது வயித்தெரிச்சல்தான். மூணு வருஷம் தோளோட தோள் ஒட்டி உட்கார்ந்தவ தெரிஞ்சுக்காததை, நேத்து வந்தவ ஒரே ஒரு கேள்வியில தெரிஞ்சுக்கிட்டாளே! கிளினிக்ல அன்னிக்குப் பூரா பேஷண்டுங்க பேரை மாத்தி மாத்திக் கூப்பிட்டுத் திட்டு வாங்கினா.

மறுநாள் தாமரை ஜன்னலை விட்டுட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தா. கலாவை ஜன்னலோரம் விட்டு, அவ வலது காதுல தன் கையாலயே மாட்டிவிட்டா. மத்ததைத் தான் வெச்சுக்கல. இருக்கிறதுலயே அருமையான பாட்டு, எத்தியோப்பியாக்காரனோடது. கலா மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்தா. பக்கத்துல நின்ன ஒரு அம்மாவோட கூடை இடிச்சதுகூட அவளுக்குத் தெரியல.

பாட்டு முடிஞ்சுது.

"எப்படி?"

கலா தயங்கினா. "கோச்சுக்காதே. எனக்கு இது பிடிக்கலடி. இழுக்குது."

முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. தாமரை கேட்டா, "அப்போ... அவ போட்டது?"

"அது பிடிச்சுது. ரொம்பப் பிடிச்சுது. என்ன பாட்டுன்னு பேரு தெரியல."

ஷா ஆலம் வந்துச்சு. கதவு திறந்து வசுந்தரா உள்ள வந்தா. இவங்களைப் பார்த்து, சண்டை ஏதும் வேண்டாம்னு நினைச்சாளோ என்னவோ, தூரமா இருந்த சீட்டுப் பக்கம் திரும்பினா. தாமரை எழுந்திருச்சா. வயிறு எரியுது, காது சூடாகுது, வேற யாராவதா இருந்தா அப்படியே திரும்பி உட்கார்ந்திருப்பா. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு கூட்டத்துக்குள்ள புகுந்து வசுந்தரா முன்னாடி போய் நின்னா.

"அன்னிக்குக் கலாவுக்கு ஒரு பாட்டுப் போட்டீங்களே," கையில இருந்த போனை நீட்டினா. "அதை எனக்கு அனுப்புங்க."